பென்சில் தனக்கோடி

டிரிங்... டிரிங்... டிரிங்...

கவர்னர் மாளிகையில் போன் அடித்தால் யாரும் பாய்ந்து எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் பொறுப்பு ஒட்டிக்கொள்ளும்!

அன்று காலை எடுத்தவர் துணைச் செயலர் ரஞ்சித்குமார். வேலூர்க்காரர். ஐ.ஏ.எஸ். ஆகி அதிக காலம் ஆகாததால், அடிக்கிற போனை எடுக்கும் பழக்கம் அவரை இன்னும் விட்டுப் போகவில்லை.

"ஹலோ... ராஜ்பவன்."

"தமிழ்ல பேசலாங்களா?"

பெண் குரல். பதற்றமே இல்லாத குரல்.

"பேசுங்கம்மா. யாரு நீங்க?"

"அது அப்பறம். உங்க பெரிய ஆபீசரு தனக்கோடி எங்கிட்ட இருக்காரு. ஆரணியில. கட்டிப் போட்டு வச்சிருக்கேன்!"

ரஞ்சித்குமார் நாற்காலியை விட்டு எழுந்தார். ஸ்பீக்கரைத் தட்டினார்.

எதிரே ராஜ்பவன் பாதுகாப்பு அதிகாரி டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால், அடுத்து வந்த அலறலுக்கு மொழி தேவைப்படவில்லை.

"ஆஆஆ... ரஞ்சித்! நான்தான்யா! காப்பாத்துய்யா!"

பிஸ்கட் டீக்குள் விழுந்தது!

தனக்கோடி ஐ.ஏ.எஸ்., கவர்னரின் முதன்மைச் செயலர். கவர்னரை யார் பார்க்கலாம், கவர்னர் எதைப் படிக்கலாம், எதில் எப்போது கையெழுத்துப் போடலாம் என்று தீர்மானிப்பவர். எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். வடக்கே ஒன்று. பெயரைச் சொன்னால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

அவ்வளவு பெரிய மனிதர் எப்படி மாட்டினார்?

சிரித்துக்கொண்டே மாட்டினார்!

* * *

தனக்கோடி பிறந்தது ஆரணியில். வெள்ளிக்கிழமை ரிடயர் ஆகிறார். அதற்குள் ஊரில் ஒரு பாராட்டு விழா ஏற்பாடாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை மைதானம் வரை ஃப்ளெக்ஸ்.

'ஆரணி ஈன்ற அறிவுச் சுடரே! வருக!'

படத்தில் அறிவுச் சுடருக்குத் தலைமுடி நிறைய இருந்தது. பழைய போட்டோ.

ரிடயர் ஆனதும் டெல்லியில் ஒரு கமிஷனின் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கும் என்று பேச்சு. கார், பங்களா, செக்யூரிட்டி எல்லாம் உண்டு. வேலை மட்டும் கிடையாது. டெல்லியிலிருந்து இன்று போன் வரும் என்று காத்திருந்தார்.

காலையில் கெஸ்ட் ஹவுஸ் கதவைத் தட்டியவள் சசிகலா. நடுத்தர வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை. கையில் ஒரு பூச்செண்டு.

"விழாக் கமிட்டியிலேருந்து வரேன் சார். மேடத்துக்கு ஒரு பட்டுப் புடவை குடுக்கணும்னு கமிட்டியில ஆசைப்படறாங்க. அசல் ஜரிகை."

"அதெல்லாம் வேண்டாமே..." என்றார் தனக்கோடி, வேண்டும் என்கிற குரலில்.

"மேடையில குடுத்தா நாலு பேரு கண்ணுல படும். பேஜாரு சார். நேரா தறிக்கே வந்துடுங்க. பார்த்துட்டு, அறுத்து, பையில போட்டுக் குடுத்துடறோம். டிரைவரு, செக்யூரிட்டி எதுக்கு சார்? நம்ம ஆட்டோ நிக்குது."

கவர்னர் வாசற்படி தாண்டுவதற்கே மூன்று இடத்தில் அனுமதி வாங்க வைப்பவர் தனக்கோடி. அவர் அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை!

"ரெஜி, நீ போய் பொறுமையா டிபன் சாப்பிடு. நான் கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று டிரைவரை அவரே அனுப்பினார். செக்யூரிட்டியையும் கூடவே அனுப்பினார்.

ஆட்டோ போய் நின்றது ஜெயவேல் என்பவரின் தறி வீட்டில். ஜெயவேல் குடும்பத்தோடு வந்தவாசிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சாவி சசிகலாவிடம். அவள் அங்கே தறி ஓட்டுகிறவள்.

உள்ளே குழித்தறி. அதில் மயில்கழுத்து நிறத்தில், நெய்து முடித்த புடவை தகதகவென்று கிடந்தது.

"தறியில உக்காந்து ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

இது ஆரணி வழக்கம். எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் தறியில் உட்கார வைப்பார்கள். அவரும் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, இழை ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்து, காமிராவைப் பார்த்து இளிப்பார். ஒரு இழை நெய்ய மாட்டார். மறுநாள் பேப்பரில் 'தறி நெய்து அசத்தல்' என்று வரும்.

தனக்கோடி சந்தோஷமாக உட்கார்ந்தார்.

"மிதி மேல காலை வைங்க சார். வழுக்கும்... சேர்த்துக் கட்டிடறேன்."

"கட்டும்மா."

"இடுப்புல இந்த நூலைச் சுத்திக்கினா அசல் தறிக்காரரு மாதிரியே இருப்பீங்க."

"அப்படியா? சுத்தும்மா, சுத்து."

"ரெண்டு கையையும் நீட்டுங்க. நூல் சுத்தறா மாதிரி ஒரு போஸ்... இன்னும் கொஞ்சம் சிரிங்க சார்... பல்லு தெரியணும்..."

கிளிக்!

"நல்லா வந்திருக்கா? சரி, அவுத்து விடும்மா."

"மாட்டேன் சார்."

சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் புரிந்தது. இழுத்துப் பார்த்தார். முறுக்குப் பட்டு... இழுக்க இழுக்க இறுகியது.

சசிகலா கதவைத் தாழிட்டாள்!

* * *

"யாரு நீ? இன்னா வேணும் உனக்கு?"

பல வருட ராஜ்பவன் தமிழ் ஒரே நிமிஷத்தில் கழன்று, உள்ளேயிருந்து ஆரணித் தமிழ் எட்டிப் பார்த்தது.

"தருமன்னு ஒருத்தரு. ஞாபகம் வருதா சார்?"

"எந்த தருமன்?"

"களம்பூர் தருமன். ரைஸ் மில் லாரி டிரைவரு. என் வூட்டுக்காரரு."

தனக்கோடியின் முகம் மாறியது. ஞாபகம் வந்துவிட்டது!

"அரிசி லோடு ஏத்திகினு உங்க ஸ்டேட்டுக்கு வந்தாரு. லாரி ஸ்டாண்டுல எவனோ எவனையோ குத்திட்டுப் போயிட்டான். எங்க ஆளு வண்டியில தூங்கிகினு இருந்தாரு. பாஷை தெரியல. புடிச்சி உள்ள போட்டாங்க. ஆயுள் தண்டனை. என் பொண்ணு அப்ப தவழ்ந்துகினு இருந்தா. இப்ப காலேஜு போவுது."

"எனக்கு எல்லாம் தெரியும்மா. அது வந்து..."

"குத்துனவனே வந்து ஒத்துக்கினான். மந்திரிங்க கூடி, தருமனை விட்டுடலாம்னு எழுதுனாங்க. கவர்னரும் கையெழுத்து போட்டுட்டாரு. போன வருஷமே! நீங்க ஒரு கையெழுத்து போட்டு ஜெயிலுக்கு அனுப்பணும். அவ்ளோதான் பாக்கி. நீங்க இன்னா பண்ணீங்க?"

தனக்கோடி பார்வையைத் தறிப் பக்கம் திருப்பினார்.

"பென்சில்ல 'பேசவும்'னு எழுதி வச்சீங்க! யாரு சார் பேசணும்? யாருகிட்ட பேசணும்? நான் உங்க கேட்டு வரைக்கும் எத்தினி வாட்டி ரயிலேறி வந்தேன் தெரியுமா? ஒவ்வொரு வாட்டியும் வாட்ச்மேன் ஒரே பதிலு... 'சார் மீட்டிங்ல இருக்காரு.'"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நீங்க போயிடுவீங்க. புதுசா வர்றவரு எல்லாத்தையும் முதல்லேருந்து பார்ப்பாராம். எங்க ஆளுக்கு ஏற்கெனவே கண்ணு மங்கிப் போச்சு. அது வரைக்கும் தாங்க மாட்டாரு சார்."

"என்னைக் கொல்லப் போறியா?"

"சே சே! கொல்லவும் மாட்டேன். வுடவும் மாட்டேன். நிலுவையில வப்பேன்."

"தண்ணி குடும்மா... நாக்கு வறண்டு போச்சு."

"பரிசீலனையில இருக்கு சார்."

* * *

இந்த இடத்தில் தனக்கோடியின் உத்தியோக வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

சப் கலெக்டராக இருந்த காலத்தில் அவருக்கு ஒரு மேலதிகாரி. நேர்மையானவர். எல்லாக் கோப்பிலும் பச்சை மையில், தெளிவாக, முழுப் பெயரோடு கையெழுத்துப் போடுவார். ஒரு நாள் ஒரு பாலம் விழுந்தது. காண்டிராக்டர் தப்பினான். மந்திரி தப்பினார். கையெழுத்துப் போட்டவர் மட்டும் உள்ளே போனார்.

தனக்கோடி அன்றே கடைக்குப் போய் ஒரு பெட்டி பென்சில் வாங்கினார்!

அதற்குப் பிறகு ஆபீஸ் காகிதத்தில் அவர் பேனா பட்டதில்லை. ஓரத்தில் மெலிதாக, பூனை நடந்த மாதிரி ஒரு வார்த்தை. 'பார்க்க.' 'விளக்கம் பெறுக.' 'பேசவும்.' நல்லது நடந்தால் அந்தப் பென்சில் குறிப்பைக் காட்டுவார். கெட்டது நடந்தால் அழித்துவிடுவார். கீழே உள்ளவர்கள் பேனாவில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வார்கள். அவர் மேலே போய்க்கொண்டே இருந்தார்.

ராஜ்பவனில் மூன்று கவர்னர்களைப் பார்த்தார். முதலாமவருக்குத் தூக்கம் பிடிக்கும். இரண்டாமவருக்கு ரிப்பன் வெட்டப் பிடிக்கும். மூன்றாமவருக்குப் பேசப் பிடிக்கும். தூங்குகிறவருக்குப் போர்த்திவிட்டார். வெட்டுகிறவருக்குக் கத்தரிக்கோல் நீட்டினார். பேசுகிறவருக்குத் தலையாட்டினார். மூன்று பேரும் அவரை விடவே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னால் கிளார்க்குகள் வைத்த பெயர்தான் பென்சில் தனக்கோடி.

தருமன் விஷயத்தில் அவருக்கு எந்த விரோதமும் கிடையாது. பணமும் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு எவனாவது 'ஏன் விட்டாய்?' என்று கேட்டால்? அந்த ஒரு பயம்தான். வெளியே விட்டால் கேள்வி வரலாம். உள்ளேயே வைத்திருந்தால் ஒருவனும் கேட்க மாட்டான் அல்லவா?

கேட்க ஒருத்தி வருவாள் என்று அவர் நினைக்கவில்லை.

* * *

இப்போது மறுபடி போனுக்கு வருவோம்.

தனக்கோடியின் செல்போனைச் சசிகலா அவர் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள். மறுமுனையில் ரஞ்சித்குமார்.

"ரஞ்சித், கேளுய்யா. தருமன் ஃபைல் என் டேபிள்ல இருக்கு. அந்த ஆர்டரை ஜல்தியா ஜெயிலுக்கு அனுப்பு!"

"சார்... அதுல நீங்க 'பேசவும்'னு எழுதி இருக்கீங்க."

"அதான் இப்பப் பேசறேனே!"

"போன்ல பேசறீங்களே சார். போன மாசம் நீங்கதான் சுற்றறிக்கை விடச் சொன்னீங்க. வெளியூர்லேருந்து போன்ல வர்ற எந்த வாய்மொழி உத்தரவும் செல்லாதுன்னு."

"அது கீழ இருக்கறவங்களுக்குய்யா!"

"'அனைவருக்கும்'னு போட்டிருக்கு சார். நீங்கதான் பென்சில்ல சேர்த்தீங்க."

தனக்கோடி பல்லைக் கடித்தார்.

"ஒரு பொம்பளை என்னைக் கட்டிப் போட்டு வச்சிருக்காய்யா!"

"புரியுது சார். அதுக்கும் ஒரு வரி இருக்கு. 'அதிகாரி நெருக்கடியில் இருப்பதாகக் கூறினால் கூடுதல் கவனம் தேவை.' எழுத்துல வந்தா உடனே செய்யறேன். பேனாவுல எழுதி, முழுக் கையெழுத்து போட்டு, போட்டோ எடுத்து அனுப்புங்க."

"பேனாவுலயா?"

தனக்கோடியின் குரலில் அப்போதுதான் உண்மையான பயம் வந்தது!

"நான் போலீசுக்குச் சொல்லியாச்சு சார். வந்துகினே இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ரஞ்சித்குமார் வைத்தார்.

வந்தே விட்டார்கள்.

தட்! தட்! தட்!

"போலீஸ்! கதவைத் திற!"

இன்ஸ்பெக்டர் எழிலரசி. பின்னால் ஏட்டு ராஜவேலு. அவர்களுக்குப் பின்னால் பாதித் தெரு.

தனக்கோடியின் கண்ணில் உயிர் வந்தது.

"இன்ஸ்பெக்டர்! நான் உள்ளதான் இருக்கேன்! கதவை உடைங்கம்மா!"

"உடைக்கலாம் சார். ஆனா உங்க ராஜ்பவனுக்குப் போன் போட்டேன். கவர்னர் மாளிகை உயரதிகாரி உள்ள இருக்கற எடத்துல கதவை உடைக்கறதுன்னா எழுத்துப்பூர்வமா அனுமதி வேணுமாம். அனுமதி குடுக்க வேண்டியவரு நீங்கதானாம்."

"நான்தான் சொல்றேனே, உடைங்க!"

"வாய்மொழியா சொல்றீங்களே சார்!"

ராஜவேலு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

எழிலரசி குரலை மாற்றினாள். "ஏம்மா, உள்ள இருக்கறவங்களே! சாருக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் அனுமதிக்கெல்லாம் நிக்க மாட்டேன். கதவோட உன்னையும் சேர்த்து உடைப்பேன். கத்தி கித்தி வச்சிருக்கியா?"

"இல்ல மேடம். சாரு மேல ஒரு கீறல் இல்ல. அவரு ஒரு லெட்டரு எழுதணும். எழுதுனா நானே தொறக்கறேன். ஜீப்புலயும் ஏறிக்கிறேன்."

"என்ன லெட்டரு?"

"என் வூட்டுக்காரரு வெளிய வர்ற லெட்டரு."

வெளியே கூட்டம் நெருங்கி வந்தது. யாரோ ஒரு அம்மாள் "நம்ம களம்பூர் தருமன் பொண்டாட்டிடீ!" என்று கிசுகிசுப்பது கேட்டது.

* * *

வெயில் ஏறியது. ஓட்டுச் சந்து வழியாக உள்ளே இறங்கி, தனக்கோடியின் வழுக்கையில் வட்டமாக நின்றது.

சசிகலா தம்ளரைச் சாய்த்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பரிசீலனை முடிந்திருந்தது.

"தோ பாரும்மா... நான் எழுதிட்டேன்னு வச்சிக்கோ. நாளைக்கு எனக்கு ஏதாச்சும் வந்தா?"

"வரட்டுமே சார். என் வூட்டுக்காரருக்கு வந்துச்சே, கேட்டீங்களா?"

அப்போது போன் அடித்தது. தனக்கோடியின் செல். திரையில் டெல்லி எண்!

தனக்கோடி துள்ளினார். தறியே ஆடியது.

"குடும்மா! காதுல வையி! அது எனக்கு ரொம்ப முக்கியமான போனு! ஐயோ, கட் ஆயிடப் போவுது... தாயே, உன் காலைப் புடிக்கிறேன்!"

கையும் காலும் கட்டப்பட்டவர் காலைப் பிடிப்பது எப்படி என்று சசிகலா யோசிக்கவில்லை. போனை எடுத்துத் தன் காதில் வைத்தாள். ராஜ்பவன் கேட்டில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த இந்தியில், வாட்ச்மேனின் அதே குரலில், அழகாகச் சொன்னாள்.

"சார் மீட்டிங்ல இருக்காரு."

மறுமுனை சொன்னதைக் கேட்டுக்கொண்டு தனக்கோடி பக்கம் திரும்பினாள்.

"சாயங்காலத்துக்குள்ள நீங்களே கூப்புடணுமாம். இல்லாட்டி வேற ஒருத்தரு இருக்காராம். நான் சொல்றேன்னுட்டேன்." போனைத் தூர வைத்தாள். "எப்டி இருக்குது சார்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு அதைக் கேக்கறது?"

ஜன்மத்தில் முதல் தடவையாகத் தனக்கோடிக்கு அழுகை வந்தது. தருமனுக்காக அல்ல. அவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கமிஷன், கார், பங்களாவுக்காக.

"பேனா குடு" என்றார்.

வலது கையை மட்டும் அவிழ்த்துவிட்டாள். ஒரு வெள்ளைத்தாள். ஒரு நீலப் பேனா.

"பென்சில்ல எழுதிட்டு அப்பறம் மேல பேனாவால..."

"சார்!"

எழுதினார். 'தருமனின் விடுதலை ஆணையை உடனே சிறைக்கு அனுப்பவும்.' கையெழுத்தில் வந்து நின்றார். 'த' போட்டார். இத்தனை காலம் பதுங்கி இருந்த பெயர், முழுசாக, நீல நிறத்தில், காகிதத்தில் வந்து உட்கார்ந்தது. தனக்கோடிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுத் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

கிளிக். வாட்ஸ்அப்பில் போனது. ரஞ்சித்குமார் ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினார். 'அனுப்பியாச்சு.'

சசிகலா சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். காத்திருந்தாள். வருடக்கணக்காகக் காத்திருந்தவளுக்கு இந்தக் கொஞ்ச நேரம் தாங்க முடியவில்லை.

அவள் போன் அடித்தது!

"அம்மா!" மகள் சத்யப்ரியாவின் குரல். மூச்சு வாங்கியது. "அம்மா... ஜெயில் வாசல்ல இருக்கேன். அப்பா வந்துட்டாரும்மா! இந்தா... அப்பாகிட்ட பேசு!"

ஒரு செருமல். பிறகு, பழைய லாரி மாதிரி கரகரவென்று ஒரு குரல்.

"சசி... சாப்ட்டியா?"

சசிகலா போனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வெளியே நின்ற பெண்களும் ஏனென்று தெரியாமலே அழுதார்கள்.

* * *

கதவு திறந்தது. எழிலரசி உள்ளே வந்தாள். கட்டை அவிழ்த்தார்கள். தனக்கோடி எழுந்தார், தள்ளாடினார், நிமிர்ந்தார். அடுத்த நொடியே பழைய தனக்கோடி ஆனார்!

"அரெஸ்ட் ஹெர்! கடத்தல்! மிரட்டல்! ஒரு செக்‌ஷன் விடாம போடுங்க! இவ ஆயுசுக்கும் வெளிய வரக் கூடாது!"

சசிகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "வாங்க மேடம். போலாம்."

"இரும்மா. புகார் வேணும்." எழிலரசி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏட்டய்யா, எழுதுங்க. சொல்லுங்க சார், இங்க எப்படி வந்தீங்க?"

"ஆட்டோல."

"யாரு இழுத்துப் போட்டாங்க?"

"யாரும்... நானேதான் ஏறுனேன்."

"டிரைவரு, செக்யூரிட்டி?"

"நான்தான் டிபன் சாப்பிட அனுப்புனேன்."

"எதுக்கு சார் தனியா வந்தீங்க?"

தனக்கோடி தறியில் கிடந்த மயில்கழுத்துப் பட்டைப் பார்த்தார்.

"சரி, அதை அப்பறம் எழுதிக்கலாம். கட்டும்போது கத்துனீங்களா?"

சசிகலா பேசாமல் தன் போனை நீட்டினாள். எழிலரசி பார்த்தாள். ராஜவேலு எட்டிப் பார்த்தார். படத்தில் தனக்கோடி இடுப்பிலும் இரண்டு கையிலும் கட்டோடு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ஃப்ளெக்ஸ் படத்தைவிட இது நன்றாக இருந்தது.

"கடத்தல் கேஸ் எவ்வளவோ பார்த்திருக்கேன் சார். இவ்வளவு சந்தோஷமா ஒருத்தரு கடத்தப்பட்டு நான் பார்த்ததில்ல."

"ஏமாத்திட்டா! என்னை மிரட்டி லெட்டர் எழுத வச்சா!"

"என்னன்னு?"

"கவர்னர் கையெழுத்து போட்ட ஆணையை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி!"

எழிலரசி நெற்றியைச் சொறிந்தாள். "அது உங்க வேலைதானே சார்?"

தனக்கோடி கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்தார்.

அப்போது எழிலரசி கையில் இருந்த சசிகலாவின் போன் 'டிங்' என்றது. படத்தின் மேல் ஒரு செய்தி வந்து விழுந்தது. பெயர் பளிச்சென்று தெரிந்தது.

ரஞ்சித் தம்பி!

'அக்கா, அண்ணன் நல்லபடியா ரயில் ஏறிட்டாரா? பாப்பாவை நேத்தே ஜெயில் வாசலுக்கு வரச் சொன்னது நல்லதாப் போச்சு.'

தனக்கோடியின் மூளைக்குள் பல்பு ஒன்று எரிந்தது. ஆணை போவதற்கு முன்பே மகள் ஜெயில் வாசலில் எப்படி நின்றாள்? கோப்பில் அவர் 'பேசவும்' என்று எழுதியது இவளுக்கு எப்படித் தெரிந்தது? வாய்மொழி செல்லாது, பேனாவில் எழுது என்று அந்தப் பொடியன் ஏன் அப்படி ஒற்றைக் காலில் நின்றான்?

"துரோகி! அவனுமா?"

"அவரு ஒண்ணும் பண்ணல சார்" என்றாள் சசிகலா. "உங்க கேட்டுல நான் அழுதுகினு நின்னப்ப வழி மட்டும் சொன்னாரு. 'போன்ல சொன்னா நாளைக்கு சொல்லவே இல்லம்பாரு அக்கா. பேனாவுல வாங்கிடு'ன்னாரு. எனக்கு ஜெயிலு பயம்தான். அதுக்கும் ஒண்ணு சொன்னாரு..."

"என்ன சொன்னான்?"

"'பயப்படாதக்கா. உன்னைப் புடிக்கணும்னா அவரு புகார்ல கையெழுத்து போடணும்'னாரு."

ராஜவேலு எழுதி முடித்த புகாரை எழிலரசி தனக்கோடியின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பேனா.

"படிச்சிட்டு கையெழுத்து போடுங்க சார். போட்டதும் இந்தம்மாவையும் புடிக்கிறேன், உங்க துணைச் செயலரையும் விசாரிக்கிறேன். கோர்ட்டுல எல்லாமே வரும். ஆட்டோ, புடவை, போட்டோ, ஒரு வருஷமா டேபிள்ல கிடந்த ஆணை... எல்லாம்."

தனக்கோடி பேனாவைப் பார்த்தார். சிரிக்கும் படத்தைப் பார்த்தார். டெல்லி எண் வந்து போன தன் செல்லைப் பார்த்தார். தெருமுனையில் ஒலிபெருக்கி 'அறிவுச் சுடர் இன்னும் சற்று நேரத்தில்...' என்று அலறிக்கொண்டிருந்தது.

கை மெல்ல நகர்ந்தது.

பேனாவைத் தாண்டி, தன் சட்டைப் பைக்குள் போனது.

பென்சிலை எடுத்தார். புகாரின் ஓரத்தில், மெலிதாக, பூனை நடந்த மாதிரி ஒரே ஒரு வார்த்தை எழுதினார். எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

ராஜவேலு காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"'பேசவும்'னு போட்டிருக்காரு மேடம். நம்ம யாருகிட்ட பேசணும்?"

எழிலரசி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அதெல்லாம் அவசரமில்ல ஏட்டய்யா... முதல்ல ஒரு ரப்பர் கொண்டாங்க!"